பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை 10:40க்கு அவள் அனுப்பிய செய்திக்கு ஒரு டிக் மட்டும் விழுந்தது.

செய்தியில் பெரிதாக ஒன்றுமில்லை. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று கணவனுக்கு எழுதியிருந்தாள். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரம். மேசைக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது டிக்குக்குக் காத்திருந்தாள். ஒரு வயதானவர் வந்து சர்க்கரை மாத்திரை கேட்டார். கொடுத்தாள். மறுபடி பார்த்தாள். ஒரு டிக்.

அவள் கணவன் படையில் வயர்லெஸ் பிரிவில் இருந்தான். எல்லையில் ஒரு சிறிய முகாமுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. அங்கிருந்து பதில் தாமதமாக வருவது வழக்கம்தான். ஆனால் பதினொரு மணிக்கு முகாம் சமையல்காரரின் மனைவி கடைக்கே போன் செய்தாள்.

"அக்கா, உங்களுக்கும் ஒத்த டிக்கா?"

"ஆமா."

"எனக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்கும். மாடியில எல்லாருக்கும்."

இருவருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்திக்கு மட்டும் ஒற்றை டிக் என்றால் சிக்னல் இல்லை. எல்லாருக்கும் ஒற்றை டிக் என்றால் முகாமில் போன்களை மூடிவிட்டார்கள். மூடினால் யாரோ இறந்திருக்கிறார், அல்லது பிழைப்பாரா என்று தெரியவில்லை. அவர் குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்லும்வரை வேறு வாய் வழியாகச் செய்தி போகக் கூடாது. சொல்லி முடித்த பிறகுதான் போன்கள் திறக்கும்.

இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நலப்பிரிவு அதிகாரி. ஆண்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் மண்டபத்தில் குடும்பங்களைக் கூட்டி வகுப்பு எடுத்தார். ஊர்ப் பெயர் போடாதீர்கள், திரும்பி வரும் தேதி போடாதீர்கள், சீருடை தெரியும் படம் வேண்டாம், குழந்தையின் பள்ளிப் பெயர் தெரியும் படமும் வேண்டாம் என்றார். முன்பின் தெரியாதவன் நட்புக் கேட்டால் அழகாக இருந்தாலும் சேர்க்காதீர்கள் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. போன் மூடினால் யாரையும் எதையும் கேட்காதீர்கள். கெட்ட செய்தி போனில் வராது. சீருடையில் இரண்டு பேர் வாசலுக்கு வருவார்கள். அவர்கள் வராதவரை உங்கள் வீட்டில் எல்லாம் சரி.

அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போல இரண்டு முறை சரிபார்த்தாள். குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் வாட்ஸாப்பில் குழு தொடங்கியபோது அவளையே பொறுப்பில் வைத்தார்கள். அவள் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையல்காரர் மனைவி "இன்னும் நாற்பதே நாள்" என்று போட்டதை நீக்கினாள். ஒரு பிறந்தநாள் கேக் படத்தில் பின்சுவரில் தொங்கிய சீருடை தெரிந்தது. அதையும் நீக்கினாள்.

"கேக்குல என்னக்கா ரகசியம்? முட்டை போட்டதா போடாததான்னா?" என்று சமையல்காரர் மனைவி கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சென்சார் என்று பெயர். குழந்தைகள் சென்சார் அத்தை என்றார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

மற்ற உறவுகளையும் குழுவில் சேர்க்கலாமா என்று ஒரு முறை பேச்சு வந்தது. மாமியாரைச் சேர்த்தால் அப்புறம் அது குழு இல்லை, பஞ்சாயத்து என்று யாரோ சொன்னார்கள். பேச்சு அதோடு நின்றது.

புள்ளியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நான்கு மாதம் முன்பு ஒரு நாள் போன்கள் மூடின. குழுவில் ஆளாளுக்குக் கேள்வி. உன் வீட்டுக்காரர் பேசினாரா, நேற்று எந்தப் பக்கம் போனார், எந்த வண்டி, கூட யார். பெயரும் இடமுமாகக் கொட்டிவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரு வண்டி கவிழ்ந்து ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது, அவ்வளவுதான். மறுநாள் அதிகாரி அவளை மட்டும் கூப்பிட்டு வைத்துத் திட்டினார். அவள் வீட்டுக்கு வந்து யோசித்து ஒரு வழி சொன்னாள். இனிமேல் போன் மூடினால் யாரும் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. தன் வீட்டு ஆள் நலம் என்று எப்படியாவது தெரியவந்தால் ஒரு பச்சைப் புள்ளி வைத்தால் போதும்.

"எதிரி பாத்தாலும் அவனுக்கு என்ன புரியும்? புள்ளி" என்றாள்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதிகாரியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு முதல் புள்ளி விழுந்தது. பண்டகக் காப்பாளரின் மனைவி. அவர் சாமான் வாங்கப் பக்கத்து நகரத்துக்கு வந்திருந்தார், அங்கிருந்து பேசினார். அடுத்தது சமையல்காரர் மனைவி. அவள் அண்ணனுக்கு யாரோ சொல்லி, அண்ணன் அவளுக்குச் சொன்னான். போன் மூடினாலும் ஆண்களுக்கு வழி தெரியும். யாரையாவது பிடிப்பார்கள், ஏதாவது ஒரு தொலைபேசி கிடைக்கும். சென்சார் மருந்துக்கடை வேலை முடித்துக் கிளம்பிய ஒரு மணிக்கு ஏழு புள்ளிகள் இருந்தன.

புள்ளி விழுந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. விழாத ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தச் சாவு வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போனது. பன்னிரண்டில் ஒன்று, எட்டில் ஒன்று, ஐந்தில் ஒன்று. இரண்டரை மணிக்குப் பத்துப் புள்ளிகள். மீதி அவள் வீடும் பக்கத்து வீடும்.

பக்கத்து வீட்டுக்காரியின் கணவன் முகாமில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். அன்று மெஷினைத் தொடவில்லை. இரண்டு பேரும் பக்கத்து வீட்டுச் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு போன்களும் நடுவில் கிடந்தன. குழுவில் யாரும் எழுதவில்லை. மாடிப்படியில் யாரும் ஏறி வரவுமில்லை. வந்தால் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாததால் இருக்கும்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"உங்க வீடா இருக்கட்டும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்."

அவள் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். தானும் மதியத்திலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லவில்லை. யாருக்கும் தோன்றுவதுதான் என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி தலையாட்டினாள். அவளுக்கு அது மன்னிப்பாகத் தெரிந்திருக்கலாம்.

மூன்று மணிக்கு அவள் தன் வீட்டுக்குப் போனாள், மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். அவளுக்குச் சோறு போட்டு, கீழ்வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, பாத்திரத்தைக் கழுவப் போடும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"நான்தான். நல்லா இருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத. வைக்கிறேன்."

"பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சு" என்றாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கட்டைவிரல் தானாகக் குழுவைத் திறந்தது. பத்துப் பேர் வைத்தார்கள், இப்போது அவள் முறை. வைத்தாள்.

இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் மேசைமேல் போன் டிங் என்றது. அவளுக்கு நன்றாகக் கேட்டது.

உடனே 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்தினாள். அதைச் செய்ய அவளுக்கு மூன்று நொடி ஆனது, பழகிய கை. புள்ளி இருந்த இடத்தில் அவள் பெயரும், செய்தி நீக்கப்பட்டது என்ற வரியும் நின்றன. மற்றவர்களுடைய எத்தனையோ செய்திகளை நீக்கியிருக்கிறாள். தன்னுடையதை நீக்குவது இதுதான் முதல் தடவை.

சுவரில் காதை வைத்தாள். நாற்காலி நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது.

அவள் போனபோது கதவு திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கால்சட்டைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்திருந்தது. ஊசி வெறும் துணியைக் குத்திக்கொண்டே போனது.

"வந்துச்சா?"

"ஆமா."

"எதுக்கு அழிச்சீங்க? பாத்துட்டேனே."

அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். வாசலுக்கு யாரும் வரவில்லை, வராதவரை எல்லாம் சரி என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார், இந்தப் புள்ளியெல்லாம் தாங்களாக வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"பன்னெண்டுல பதினொண்ணு போனா எவ்வளவுக்கா?"

பிறகு அவள் எழுந்து முகம் கழுவினாள். உடை மாற்றினாள். தரையில் கிடந்த துணித் துண்டுகளைப் பெருக்கி அள்ளினாள். தன் அண்ணனுக்குப் போன் செய்து கிளம்பி வரச் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கூடத்தில் வாசலைப் பார்த்து இரண்டு நாற்காலிகள் போட்டாள். சீருடையில் வரும் இரண்டு பேருக்கு. அவற்றுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் ஐந்து வயது மகள் புத்தகப் பையோடு வந்து நாற்காலியில் ஏறப் போனாள். "அதுல உக்காராத" என்றாள் தாய். குழந்தை ஏன் என்று கேட்டது. விருந்தாளி வருகிறார்கள் என்றாள். அப்பாவா என்று கேட்டது. இல்லை, அப்பா இனிமேல் வரமாட்டார் என்றாள். சாதாரணக் குரலில், தண்ணீர் வராது என்று சொல்வது போல.

குழந்தை சென்சார் அத்தையைப் பார்த்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.

கீழே விஷயம் தெரிந்துவிட்டது. பெண்கள் மாடிப்படியில் வந்து நின்றார்கள், மேல்படிக்கு யாரும் வரவில்லை. சமையல்காரர் மனைவி பெரிய பாத்திரத்தில் சோறு வைத்துவிட்டாள். அந்த வீட்டில் இனி அடுப்பு எரியாது என்று முடிவு கட்டியாயிற்று.

ஐந்து பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மடியில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. சென்சார்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள். வெளியே கசிந்த குரல் ஆண் குரல். அவள் கணவன் குரல்.

ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து பேசினான். எனக்கு ஒன்றுமில்லை, ஓர் ஆளைக் கூட்டி வந்தேன், திரும்ப நேரமாகும் என்றான். குழந்தையிடம் கொடுத்தார்கள். குழந்தை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க யாரு?" என்றது. அவன் ஏதேதோ சொன்னான். அது போனைத் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

"தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு. ஜலதோஷமான்னு கேட்டேன். ஆமான்னாரு" என்று அவள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். யாரைக் கூட்டி வந்தார் என்று கேட்டாயா என்றாள் ஒருத்தி. கேட்கத் தோன்றவில்லை என்றாள்.

பன்னிரண்டாவது புள்ளியை அவளே வைத்தாள்.

படியில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார்கள். கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்காரியின் முதுகில் இரண்டு அடி போட்டாள். சமையல்காரர் மனைவி பாத்திரத்தைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"சாவுச் சோறுன்னு ஆக்கினேன். கல்யாணச் சோறா தின்னுங்கடி."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். சென்சாரின் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை. வாசலைப் பார்த்துப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குள் தொலைக்காட்சியில் எல்லையில் ஏதோ சம்பவம் என்று ஒரு வரி ஓடத் தொடங்கியிருந்தது. ஊரிலிருந்து உறவுகள் மாறி மாறி அழைத்தார்கள். பன்னிரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. வாயில் சோற்றோடு ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது.

"அக்கா, நீங்க ஒரு ஸ்டேட்டஸ் போட்டுடுங்க. சென்சாரே போட்டா எல்லாரும் நம்பிடுவாங்க" என்றாள் சமையல்காரர் மனைவி. "நாங்க போட்டா நீங்க அழிச்சிடுவீங்க, அது வேற."

அவள் இதுவரை ஸ்டேட்டஸ் போட்டதே இல்லை. கை கழுவிவிட்டு வந்து இரண்டு வார்த்தை தட்டினாள். எல்லாரும் பத்திரம். மனதுக்குள் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பெயர் இல்லை. இடம் இல்லை. தேதி இல்லை. படம் இல்லை. மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுப் போட்டாள்.

பத்து நிமிடத்தில் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள். இதயங்கள் வந்தன, கும்பிடும் கைகள் வந்தன. அழைப்புகள் குறைந்தன. அது வேலை செய்தது.

அவள் தன் வீட்டுக்கு வந்தாள். மகள் விழுந்த பல்லைத் தாளில் மடித்து வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கணவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சாப்பிட்டீர்களா.

ஒரு டிக்.

ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. போன்கள் இந்நேரம் திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வீட்டிலும் ஆள் நலம் என்றால் எதற்காக இன்னும் மூடி வைத்திருக்கிறார்கள்? சொல்லி முடித்த பிறகுதான் திறக்கும். யாருக்கோ இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

குழுவைத் திறந்து புள்ளிகளை எண்ணினாள். தான் அழித்ததையும் சேர்த்து எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாலும் பன்னிரண்டுதான். வீடுகள் பன்னிரண்டு.

முகாமில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் குடியிருப்பில் வீடு கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் பாசறையில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வீட்டிலாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களை எல்லாரும் தம்பி என்பார்கள். காலையிலிருந்து ஒருத்தியும் அவர்களை எண்ணவில்லை. அவளும் எண்ணவில்லை.

அவர்களுடைய அம்மாக்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் அன்று வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டுபவள். ஒரே மகன். வகுப்பு முடிந்ததும் இவளிடம் வந்து, சின்ன எழுத்துப் படிக்க வராது, அந்த விதியையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். இவள் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். அன்றே அந்த அம்மா தன் போன் முகப்பிலிருந்த மகன் படத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவை வைத்துக்கொண்டாள். நான்கு மாதம் முன்பு போன்கள் மூடியபோது யார் யாரோ அழைத்தார்கள், அவள் அழைக்கவில்லை.

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்தாள். மேலே மூன்றாவதாக ரோஜாப்பூ இருந்தது. இரண்டு நிமிடம் முன்பு.

அழித்தாள். அழித்துவிட்டுத் தலை நிமிரும்போது போன் அடித்தது. அதே ரோஜாப்பூ. அவள் மகளைப் பார்த்தாள். மகள் எழுதிக்கொண்டிருந்தாள். அடிப்பது நிற்கும் என்று காத்திருந்தாள். நின்றது. உடனே மறுபடி அடித்தது. எடுத்தாள்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மா உரக்கப் பேசினாள்.

"தப்பா நினைக்காதம்மா. போன மூடினா யாரையும் கேக்கக் கூடாதுன்னு நீ எழுதிக் குடுத்திருக்க. நான் யாரையும் கேக்கல. ஷிப்டு முடியற வரைக்கும் போனு பெட்டிக்குள்ளதான். இப்பதான் எடுத்தேன்."

"சொல்லுங்கம்மா."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு பேசிச்சு. யூனிபார்ம்ல ரெண்டு பேரு மத்தியானத்துலேருந்து என் வாசல்ல நிக்கிறாங்களாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பஸ்ஸவிட்டு எறங்கிடலாமான்னு பாத்தேன். அப்பதான் நீ போட்டிருக்கறதப் பாத்தேன். உசிரே வந்துச்சு."

நடத்துநர் யாரையோ உள்ளே நகரச் சொல்லிக் கத்தினார். அந்த அம்மா அது முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எல்லாரும்னா, என் பையனையும் சேத்துதானேம்மா?"